வண்டியை நிறுத்திவிட்டு வருகிறான்

ஸ்டியரிங்கை விட்டு இறங்கிப் போன என் பிரியமுள்ள மாடசாமிக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத் தொடங்கலாமா, கூடாதா, தெரியவில்லை. நீ இருக்கிற இடத்தில் பஞ்சர், டீசல் கணக்கு, செக்கிங் தொல்லை எதுவும் இருக்காது. அதனால் நன்றாகத்தான் இருப்பாய். நான் நன்றாக இல்லை மாடா. பயமாக இருக்கிறது. தலை நரைத்த பிறகு இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

நாளைக் காலை நம் கோதைக்குக் கல்யாணம். உன் தங்கை பேச்சியின் மகள், டிப்போவில் நிற்கிற வண்டியில் உன் மடியேறி ஹாரன் அடித்து விளையாடிய அதே பிள்ளைதான். மாப்பிள்ளை வீடு ராஜபாளையம், நூல் வியாபாரம் செய்கிறார்கள். பையன் பேச்சில் பணிவு இருக்கிறது. நீ இருந்திருந்தால் அவனை நம் பஸ்ஸில் ஏற்றி ஒரு நடை கூட்டிப்போய், குழியில் இறக்கி ஏற்றி, அவன் முகம் சுளிக்கிறானா என்று கண்ணாடியில் பார்த்திருப்பாய்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம். சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பின்னால் பூசணிக்காய் நறுக்குகிறார்கள். சாயங்காலம் பெண் அழைப்பு, அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். பேச்சி எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியும் சட்டையும் பக்கத்தில் இருக்கின்றன. இன்னும் உடுத்தவில்லை. என் கை அடிக்கொரு தரம் இடுப்புப் பக்கம் போய்க் கண்டக்டர் பையைத் தேடுகிறது.

நீ என்னைக் கேலி செய்வாயே, ஞாபகம் இருக்கிறதா? "பை தோள்ல கெடந்தா நீ கலெக்டர்லே சவரி. கழட்டி வச்சிட்டா நனைஞ்ச கோழி." அப்போது கோபம் வரும். இப்போது யோசித்தால் அவ்வளவும் நிஜம். பையும் விசிலும் இருந்தால் ராஜபாளையத்தில் ஏறுகிற ரவுடியையும் அதட்டிவிடுவேன். வாயிலே வெற்றிலையோடு ஏறுகிற பெரியவர்களை ஜன்னலோரம் மாற்றி உட்கார வைப்பேன். அதே நான் வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி சொல்வதற்குத் தலையாட்டுகிறவன். மாதா கோயிலில் பூசைக்குப் போனால் கடைசி பெஞ்சு. ஒரே ஆள்தான், இறங்குகிற இடத்துக்கு ஒரு ஆளாக இறங்குகிறேன். இதில் எது நான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. வண்டியில் உட்கார்ந்தால் சிரிக்கவே மாட்டாய். பேச்சி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், "வந்துட்டாரு தொரை, சாப்பிடாமக் கெடந்து வத்திப் போயி" என்று அவள் திட்டத் திட்ட, பள்ளிக்கூடத்துப் பையன் கணக்காக உட்கார்ந்து தின்பாய். கல்யாணம் கட்டிக்கொள்ளாத மனுசன் நீ. அண்ணன் என்பதும் தாய்மாமன் என்பதும்தான் உன் குடும்பம். அந்த இரண்டு வேலையிலும் நீ ஒரு நாள் கூட லீவு போட்டதில்லை.

உன் சீட்டில் இப்போது வேறு டிரைவர். நல்ல பிள்ளை, நிதானமாக ஓட்டுகிறான். நீ போன பிறகு முதல் நாள், விசில் அடித்தேன். வண்டி நகர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது. நீ இல்லாமல் அது நகராது என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பியிருக்கிறேன் போல. சனங்கள் வழக்கம்போல ஏறினார்கள், சில்லறை கேட்டுச் சண்டை போட்டார்கள். ஒரு ஆள் போனால் அந்த இடத்தில் இன்னொரு ஆளை உட்கார வைத்து எல்லாம் ஓடுகிறது. அப்படியானால் நீ யார், நான் யார்? அன்றைக்குப் பிடித்த பயம் இது.

இப்போது நிச்சயதார்த்தத்தில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். திட்டாமல் கேள்.

வன்னியம்பட்டியில் பேச்சி வீட்டில்தான் நிச்சயம். பந்தல், நாற்காலி, இரண்டு வீட்டுச் சனம். நான் வழக்கம்போல எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு, பழத்தட்டைக் கையில் ஏந்தியபடி நின்றேன். தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "பொண்ணுக்குத் தாய்மாமன் யாருப்பா? முன்னால வரச் சொல்லுங்க" என்றார்.

நான் வாயைத் திறந்து, "வண்டிய நிறுத்திட்டு வாரான்" என்று சொல்லிவிட்டேன்.

எத்தனை வருசப் பழக்கம் அது. எந்த வீட்டு விசேசத்துக்குப் போனாலும் நான் முன்னால் இறங்குவேன், நீ வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டு பின்னால் வருவாய். டிரைவர் எங்கே என்று யாராவது கேட்டால் இந்தப் பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொன்னதில்லை. கை தானாக டிக்கெட் கிழிக்கிற மாதிரி வாய் தானாகச் சொன்னது. சொல்லி முடித்த பிறகு வாசலைத் திரும்பி வேறு பார்த்தேன் மாடா.

பந்தலில் எல்லாரும் என்னோடு சேர்ந்து வாசலைப் பார்த்தார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலிருந்த பெண்ணிடம் மெல்லச் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. "எறந்து போனவர வாராருங்காரே. நல்ல காரியத்துல இது என்ன பேச்சு?" அவர்கள் பக்கம் இரண்டு பேர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். என் கையிலிருந்த தட்டு ஆட, ஒரு ஆப்பிள் உருண்டு கீழே விழுந்தது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையை ஒரு வார்த்தையில் கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

பேச்சி உள்ளேயிருந்து வந்தாள். அழுத முகம்தான், ஆனால் குரல் பிசிறவில்லை. கீழே கிடந்த ஆப்பிளை எடுத்து முந்தானையில் துடைத்துத் தட்டில் வைத்தாள். பெரியவரைப் பார்த்து, "எங்க அண்ணன் வர நேரமாகும் ஐயா. கூட வந்த அண்ணன் இங்கதான் நிக்காரு. அவரு கையால மாத்திக்கிடுங்க" என்றாள். பெரியவர் என் பக்கம் திரும்பினார். பிறகு தட்டை நீட்டினார். எழுந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

அன்றைக்குத் தப்பித்தோம். ஆனால் நிச்சயம் வேறு, கல்யாணம் வேறு. தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்தால்தான் உங்கள் வீட்டில் பெண் மணவறையில் உட்காரலாம். அதையும் நானே செய்ய வேண்டும் என்று பேச்சி சொல்லிவிட்டாள். எனக்கு என்ன முறை? நான் வேதக்காரன், மாதா கோயில் ஆள். இரத்தம் இல்லை, சாதிசனம் இல்லை. உன் வண்டியில் விசிலுக்குச் சொந்தக்காரன், அவ்வளவுதானே?

முறையுள்ள ஆள் ஒருவர் இருக்கிறார். கான்சாபுரத்தில் உன் பெரியப்பா மகன், பட்டாளத்தார். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நம் வண்டியில் ஏறினார். முறுக்கு மீசை, இஸ்திரிச் சட்டை. பட்டாளத்தை விட்டு வந்து எவ்வளவோ காலமாகியும் இன்னும் அணிவகுப்பில் நிற்கிற மாதிரியே கம்பியைப் பிடித்து நின்றார்.

"எங்க போகணும் அண்ணாச்சி?" என்றேன்.

"எங்கயும் போக வேண்டாம். உம்மளத்தான் பாக்க வந்தேன்."

"வண்டியில ஏறிட்டா டிக்கெட் எடுக்கணும்லா."

முறைத்தார். ராஜபாளையத்துக்கு எடுத்தார். பை தோளில் கிடந்ததால் எனக்கு அதுவரைக்கும் பயம் வரவில்லை. கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்து நின்று தணிந்த குரலில் சொன்னார்.

"நிச்சயத்துல நடந்தது போகட்டும். கல்யாணத்தன்னைக்கு மேடையில ஐயரு, தாய்மாமன் யாருன்னு கேப்பாரு. நீரு யாருன்னு சொல்லுவீரு? டிரைவர் கூட வேல பாத்த கண்டக்டருன்னா?"

நான் டிக்கெட் மெஷினில் பேப்பர் சுருளைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

"உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல வே. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. பொறவு அந்தப் புள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட, முறையில்லாதவன் கையால மேடை ஏறுனா பாருன்னு பேசுவாவ. உம்ம தலையிலதான் விடியும்."

பையைத் தாண்டி உள்ளே போய்விட்டது அந்தப் பேச்சு. இதைப் பேச்சியிடம் சொன்னேன். அவள் மாவு பிசைவதை நிறுத்தவே இல்லை. "துட்டிக்கு வராத மனுசன் மேடைக்கு வாராராமா? அவிய வரட்டும், முன் வரிசையில உக்காந்து சாப்பிட்டுப் போகட்டும்" என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். உன் சாவுக்கு அவர் வரவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் கேட்ட கேள்வியும் உண்மைதானே? அந்தப் பிள்ளைக்கு நாளைப் பின்னே ஒரு சங்கடம் என்றால், என் கையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இன்னொரு பயமும் இருக்கிறது. இதைப் பேச்சியிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். அந்த மாலையை நான் வாங்கிவிட்டால் உன் இடத்தில் ஆள் வந்துவிட்டது என்று ஆகிவிடும். ஸ்டியரிங்கில் ஒருவன் உட்கார்ந்தான், மேடையில் ஒருவன் ஏறினான், முடிந்தது கதை. உன்னை முழுசாக அனுப்பி வைக்கிற வேலையை என் கையிலேயே கொடுக்கிறார்களே மாடா. படியில் நிற்காதீங்க, உள்ளே போங்க என்று ஊரையே விரட்டியவன் நான். இந்த மண்டபத்து மேடைக்கு நாலு படி இருக்குமா? காலையிலிருந்து அதன் பக்கமே போகவில்லை.

பகலில் கோதை வந்தாள். கை நிறைய மருதாணி, எதையும் தொடாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க ஓடிரப் போறீயன்னு அம்மா பயப்படுதா."

"ஓடலாமான்னுதான் யோசிக்கேன் தாயி."

"எனக்கும் ஓடணும் போலதான் இருக்கு" என்றாள். சிரிக்கவில்லை. "நாளையில இருந்து நான் அந்த வீட்டு மருமக. எம்புட்டு சிரிக்கணும், எப்ப எந்திரிக்கணும், சாப்பாட்டுல உப்பு இல்லன்னா சொல்லலாமா கூடாதா, ஒண்ணும் தெரியல. இங்க வாயாடி. அங்க நான் யாரு மாமா?"

"கை நடுங்குது புள்ள. மேடையில நடுங்குனா நாலு பேரு பாப்பாவ" என்று என் கவலையைத்தான் சொன்னேன்.

"எனக்குக் காது குத்தும்போது மாடசாமி மாமா மடி ஆடுச்சாம்லா. அம்மா சொல்லியிருக்கா. நீங்களும் ஆடுங்க. ரெண்டு பேரு கையும் சேந்து ஆடுனா யாரு கைன்னு யாருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அந்தக் காதுகுத்து அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. பிள்ளையை உன் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். அவள் அழுவதற்கு முன்பே உன் தொடை வெடவெடவென்று ஆடியது. எதிரே லாரி ஏறி வந்தாலும் கண் இமைக்காத டிரைவர் நீ. எல்லாம் முடிந்து கை கழுவுகிற இடத்தில் என் காதில், "ஏலே, மடி ஆடுனத யாரும் பாத்திருப்பாவளா?" என்று கேட்டாய். ஒருத்தரும் பார்க்கவில்லை என்றேன். பேச்சி பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு இத்தனை வருசம் உன்னிடம் காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறாள்.

அப்படியானால் நீயும் பயந்துகொண்டேதான் தாய்மாமனாக இருந்தாயா? பட்டுத்துண்டும் மேளமுமாக நீ சீர் கொண்டு வந்து இறங்குவதைப் பார்த்து, பிறக்கும்போதே தாய்மாமனாகப் பிறந்தவன் என்று நினைத்தேனே. பட்டாளத்தாரும் வீட்டில் மீசையைக் கழுவிவிட்டுப் படுக்கும்போது பயப்படுவாரா? எனக்கு இதெல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பயம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். இதோ, எழுத்து கோணல் மாணலாகப் போவதை நீயே பார்க்கலாம்.

வெளியே மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாசலில் பட்டாளத்தாரின் குரலும் கேட்கிறது. வேட்டியை உடுத்த வேண்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாடா. நாளைக்குக் கோதை கழுத்தில் மாலையைப் போட்டு, கையைப் பிடித்து, அந்தப் படியில் ஏறுவேன். கை ஆடினால் ஆடட்டும். உன் இடத்தில் உட்கார மாட்டேன், பக்கத்தில் நிற்பேன். நீ எப்போதும் பின்னால்தானே வருவாய், நான் எப்போதும் முன்னால்தானே இறங்குவேன்? அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டாம். புகுந்த வீட்டில் பிள்ளைக்குத் தலைவலி என்றாலும் சரி, உப்பில்லை என்றாலும் சரி, ராஜபாளையத்தில் இறங்கி முதலில் அந்த வாசலில் போய் நிற்பது நானாக இருப்பேன். நீர் யார் என்று ஐயர் என்னைக் கேட்டாலும், பட்டாளத்தார் சபையில் எழுந்து கேட்டாலும், சொல்ல வேண்டியதைக் கீழே எழுதிப் பார்த்துவிட்டேன். வாய் குளறாமல் வர வேண்டும்.

நீ வண்டியை நிறுத்திவிட்டு வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
கோதையின் தாய்மாமன்,
சவரிமுத்து.