பன்னிரண்டு பேர் எழுதியது

ஷில்லாங், வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? பெரியநாயக்கன்பாளையத்தில் மழை உண்டா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்றுதான் எழுதுகிறேன். நான் சௌக்கியம்.

செவ்வாய்க்கிழமை ஒரு வேடிக்கை. எம்.எட். மாணவர்களுக்கு ஆய்வு முறைகள் வகுப்பு. “பத்து நிமிடம் என்னைக் கவனியுங்கள். யாரையும் கேட்காமல், கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பாடம் நடத்தினேன்.

பன்னிரண்டு பேரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள். பதினொரு மணி வாக்கில், சாத்தியிருந்த கதவை நான் மூன்று முறை திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னேனாம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்: “வாரேனுங்கம்மா.” வீட்டில் நீங்கள் கூப்பிட்டால் நான் சொல்வதேதான்.

முதல் இரண்டு முறை சிரித்தேனாம். மூன்றாம் முறை சிரிக்கவில்லையாம்.

எனக்கு எதுவுமே ஞாபகமில்லை. ஒருவர் எழுதியிருந்தால் பிழை என்று தள்ளியிருப்பேன். பன்னிரண்டு பேர் தனித்தனியாக எழுதினால் நம்பலாம் என்று அடுத்த வாரம் நானே பாடம் நடத்த வேண்டும்.

கொள்ளுப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள். உங்கள் பழைய சேலை ஒன்றும் வையுங்கள், போர்த்திக்கொள்ள. மணியடித்துவிட்டது.

அம்மா, அப்பாவைக் கேட்காமல் நீங்களாகவே எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

உங்கள் ஹாரிகா