தம்பிக்கு ஒரு பெயர்

கொம் ஒம்போ, புது ஊர்
ஆகஸ்ட் 1964

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் ஷாயா ஸலாம் சொல்லி எழுதுவது. கெய்ரோவில் சமையல் வேலை எப்படிப் போகிறது? முழங்கால் வலி குறைந்ததா? தம்பிக்கு என்ன பெயர் வைத்தோம் என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் வைக்கவில்லை.

தாய் பிள்ளையைத் தூக்கிப்போய் ஆற்றில் முகம் கழுவி, ஆற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவர்களுக்குக் கஞ்சியும் பேரீச்சையும் போட்ட பிறகுதானே நம்மவர்கள் பெயர் சொல்வார்கள்? அணை கட்டுவதற்காக நாங்கள் விட்டு வந்த பழைய ஊரில் வாசலில் இறங்கினால் ஆறு. இங்கே கரும்புத் தோட்டங்களுக்கு அப்பால் எங்கோ ஓடுகிறது. கழுதையை ஊரை விட்டு வரும்போதே விற்றுவிட்டோம். பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் அம்மாவால் எழுந்து நிற்கவும் முடியவில்லை.

பள்ளியில் இந்த நாட்டின் ஆதி தெய்வங்களைப் பற்றி ஒரு புத்தகம் படித்தேன், அப்பா. எங்கள் ஆசிரியை அந்தப் பழைய தெய்வங்களை வெறும் கற்சிலைகள் என்கிறார். புத்தகம் வேறு சொல்கிறது. ஆறு பொங்கி வருவதற்குத்தான் ஹாப்பி என்று பெயராம். மண்ணுக்குள் போன விதை திரும்ப எழுவதற்கு ஒஸிரிஸ். இந்தப் பெயர்கள் ஆற்றோடு சேர்ந்து தெற்கிலிருந்து, நம் கறுப்பு மக்களிடமிருந்து வடக்கே போனவையாம். படித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த ஊர் வாய்க்காலில் வருவதும் அதே ஆற்று நீர்தான், ஹாப்பி அதற்குள்ளும் இருக்கும், அங்கேயே கழுவலாம் என்று வீட்டில் சொன்னேன்.

ஃபானா அத்தை சிரித்துவிட்டாள். "அடியே புத்தகப்புழு, அந்தத் தண்ணி சர்க்கார் உத்தியோகம் பாக்குது. கதவத் தொறந்துவிட்டாத்தான் வரும். அதுவா பொங்கும்?"

அம்மா சிரிக்கவில்லை. அணை முடிந்துவிட்டால் இனி வெள்ளமே வராது என்று அவளும் கேள்விப்பட்டிருக்கிறாள்.

இந்த ஊரில் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக இருக்கிறது. நாங்கள் வந்தபோது கபர்ஸ்தான் வெறும் மணலாகக் கிடந்தது. இப்போது குழிமேடுகளை மிதிக்காமல் பார்த்து நடக்க வேண்டியிருக்கிறது. தம்பி நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை. வைத்தியர் மருந்து கொடுத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அத்தையிடமே பேசிவிட்டுப் போனார்.

அம்மாவைத் தேற்றுவதற்காக அந்த விதையைப் பற்றிச் சொன்னேன். அவள் தம்பியின் கால்களைப் போர்த்திக்கொண்டே, "வெதை மொளைக்க வெள்ளம் வரணுமேடி, ஷாயா" என்றாள். புத்தகத்தில் அதற்குப் பதில் தேடினேன். கிடைக்கவில்லை.

உங்கள் எஜமானி விடுப்பு தருவது கஷ்டம் என்று தெரியும். வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் ஒரு பெயராவது எழுதி அனுப்புங்கள். நீங்கள் அனுப்பினால் அம்மா மறுக்கமாட்டாள். நம்மவர்கள் கபரில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து ஊற்றும்போது, யாருக்கு என்று பெயர் சொல்ல வேண்டும் அல்லவா?

சின்னப் பெயராக இருக்கட்டும், அப்பா. அழுகை வருவதற்குள் அம்மா சொல்லி முடிக்க வேண்டும்.

இறைவன் உங்களைக் காக்கட்டும்.

உங்கள் மகள்,
ஷாயா