ஐந்தாம் மாடியில் 600

மார்ச் 3, செவ்வாய்
ஐந்தாம் மாடி அக்கா இன்றும் எங்கள் கட்டடக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார். வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்கிறவர், நாள் முழுக்க இருக்கையை விட்டு நகர முடியாது. "தம்பி, மூச்சு முட்டுது. கண்ணு சொருகுது." திரையைப் பார்த்தேன். அந்த மாடிக் காற்றில் கரியமில வாயு அளவு 600, பச்சை. ஆயிரத்தைத் தாண்டினால்தான் கெட்ட காற்று. தாண்டினால் கட்டடமே வெளிக்காற்றைத் திறந்துவிடும். "எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. தண்ணி குடிங்க." போனை வைத்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரனிடம், "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்று சிரித்தேன்.

மார்ச் 11
வேலை நேரத்தில் தூங்கியதாக அக்காவுக்கு மெமோ. இன்னொரு தடவை தூங்கினால் வேலை போய்விடுமாம். அவர் காற்றைக் குறை சொன்னதால் மேலாளர் என்னிடம் அறிக்கை கேட்டார். மாதம் முழுக்க 600 என்று அச்சடித்துக் கொடுத்தேன்.

மார்ச் 12
மாதம் முழுக்க 600? நாற்பது பேர் இருக்கும்போதும் ஒருவரும் இல்லாதபோதும் ஒரே எண்ணா? பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

நான்தான். பிப்ரவரியில் சென்சாரைத் துடைக்கக் கழற்றியபோது, அலாரம் அடிக்காமலிருக்க 600 என்று கையால் போட்டேன். துடைத்து மாட்டினேன். ஆட்டோவுக்கு மாற்றவில்லை. இத்தனை நாளும் கட்டடம் என் எண்ணை நம்பி வெளிக்காற்றை அடைத்தே வைத்திருக்கிறது.

ஓடிப்போய் மாற்றினேன். 1900. சிவப்பு. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா!

மார்ச் 13
தலைமைப் பொறியாளர் சொன்னார்: "சென்சார் பழுதுன்னு எழுதிடுப்பா. ஊர்வாயை எதுக்குக் கிளறணும்?" எழுதினேன். மெமோவை ரத்து செய்துவிட்டார்கள்.

மதியம் அக்கா இறங்கி வந்தார். "நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே தம்பி. நல்லா இருப்பீங்க."

"ம்" என்றேன்.

மார்ச் 14
அந்த "ம்". நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

மார்ச் 16, திங்கள்
ஐந்தாம் மாடிக்குப் போனேன். "சென்சார் பழுதில்லக்கா. நான் மறந்துட்டேன். நீங்க போன் பண்ணப்ப ஒரு தடவ மேல வந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்."

அக்கா சொன்னார்: "ரெண்டு டாக்டரப் பாத்தேன். எல்லாம் மனசுலதான்னு மாத்திரை குடுத்தாங்க. வீட்லயும் அதையேதான் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன் தம்பி."

கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. அடுத்த அழைப்பு வந்தது, எடுத்துப் பேசத் தொடங்கினார்.

மார்ச் 17
அறிக்கையைத் திருத்தி என் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தலைமைப் பொறியாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேலாளர் ஐந்தாம் மாடிக்கே போய், எல்லார் முன்னாலும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாராம்.

நான் இன்னும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேனே, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. எழுதும்போதுதான் தெரிகிறது.