வாளியில் மூழ்காத வாதாங்கொட்டை

அக்கா,

இன்று காலை வாசல் பெருக்கும்போது ஒரு வாதாம்பழம் செருப்பில் நசுங்கியது. அந்தத் துவர்ப்பு கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் நிமிர்ந்து பார்த்தேன். நீ நட்ட மரத்தின் அடியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. தெருச் சங்கத்துக்காரர்கள் தெருவை அழகாக்கப் போகிறார்களாம். இதை வெட்டிவிட்டு, எங்கிருந்தோ லாரியில் வரும் அலங்காரப் பனையை வைப்பார்களாம்.

நீ பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவள், நான் உன் வாடிக்கைக்காரி. முந்திரி விளையும் ஊரில் பிறந்தவள் என்ற கர்வம் வேறு எனக்கு. குருசுக்குப்பத்தில் உன் வீட்டுக்குப் பின்னால் கடலோரம் நின்ற வாதாமரத்தின் கொட்டைகளை, என் வாசலில் நடச் சொல்லி, ஒரு பை நிறையக் கொடுத்தாய். எங்கள் வீட்டு வழக்கப்படி வாளித் தண்ணீரில் போட்டேன். முந்திரியில் மூழ்குவதுதான் முளைக்கும். உன் கொட்டையில் ஒன்றுகூட மூழ்கவில்லை. அத்தனையும் சொத்தை என்று குப்பையில் கொட்டிவிட்டு, மறுநாள் உன்னிடமே வந்து குறையும் சொன்னேன்.

"அடிப்பாவி! கடல்ல மெதந்து வந்து கரையேறுற கொட்டைடி அது. வாளியிலயா முழுகும்?" என்று நீ போட்ட சத்தத்தில் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. அன்று மதியமே உப்பளத்தில் இருக்கும் எங்கள் தெருவுக்கு வந்து, நீயே குழி தோண்டி, வேறொரு கொட்டையைப் புதைத்தாய். "உப்புக் காத்துல பொறந்தது. ஒண்ணும் ஆவாது போ."

ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெரும்புயலில், நர்சரியில் வாங்கி நட்ட நிழல்மரங்கள் தெரு முழுக்க வேரோடு சாய்ந்தன. இது இரண்டு கிளையைக் கொடுத்துவிட்டு நின்றது. இலை கொட்டுகிறதுதான். பெருக்குவது நான்தானே, இவர்களுக்கு என்ன வந்தது?

பத்து மணிக்கு ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "நட்டவங்களே போய்ச் சேந்துட்டாங்க, நீ ஏம்மா குறுக்க உக்காந்திருக்க?" என்றார் தெருச் சங்கத் தலைவர்.

நீ போன நாளிலிருந்து அழுகை மட்டுமே வந்த எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. ஆபீஸில் இத்தனை வருஷமாக "சரி சார்" மட்டுமே சொன்ன வாய் இது. "மரத்து மேல கை வெச்சிப் பாரு!" என்று நான் கத்தியது தெருமுனை வரை கேட்டதாம். அது என் குரல் இல்லை அக்கா, உன் மீன்கடைக் குரல். எனக்குள் எப்போது வந்து குடியேறியது என்று தெரியவில்லை.

ஆட்கள் ரம்பத்தோடு திரும்பிப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை மறுபடியும் வருவார்களாம். வரட்டும். இந்த மரத்தின் கன்றுகள் மாடியில் பால் கவர்களில் நிற்கின்றன. தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலிலும் வைத்துத் தரச் சொல்லிவிட்டார்கள். ரம்பக்காரர்கள் ஒன்றை வெட்ட வருவதற்குள் நான் நாலை நட்டிருப்பேன்.