முட்டையை வெட்ட வந்த ராஜா

இன்று காலை கடைக்கு ஓர் அம்மாள் காதுகுத்துக்கு பிளக்ஸ் அடிக்க வந்திருந்தார். யார் படம் மேலே, யார் படம் கீழே என்று அவரும் நானும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கூட வந்த சின்னப் பெண் செல்போனில் எதையோ தட்டினாள். உன் இருமல் கேட்டது. கூத்தில் ராஜாவாக நின்று வசனம் பேசுவதற்கு முன் நீ இருமுவாயே, குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று, அதே இருமல். சட்டென்று திரும்பிப் பார்த்ததில், கணினியில் யாரோ ஒரு தாய்மாமனின் தலையைப் பாதியில் வெட்டிவிட்டேன்.

"இது நீங்க பண்ணுன படமாமுங்க? இவ சோறு உங்கோணும்னா இதப் போட்டாத்தானுங்க" என்றார் அந்த அம்மாள். ஆமாங்க என்றேன். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. நான் எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டேன்.

நீ போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. உன் குரல் என்று மிச்சமிருப்பது, உன்னைக் கேலி செய்து நான் பேசிய குரல்தான். நினைத்தால் என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

நம் கூத்தைப் பார்க்காதவர்களுக்கு அந்தப் படத்தில் வலிக்க ஒன்றுமில்லை. பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கூத்தில் ஏரிக்கரை நிற்க மாட்டேன் என்கிறது. கட்டக் கட்ட உடைகிறது. கோட்டை வாசலில் முதலில் வருகிற உயிரைக் கரைக்குக் காவு கொடுக்கிறேன் என்று ராஜா வாக்குக் கொடுத்துவிடுகிறான். ஆடோ கோழியோ வரும் என்பது அவன் நினைப்பு. வருவது அவன் மகள், அப்பனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு. வெட்டுகிறான். கரை நிற்கிறது, ஏரி நிரம்புகிறது. ஆனால் அந்தத் தண்ணீரை அவனால் குடிக்க முடியவில்லை. அள்ளினால் மகள் முகம் தெரிகிறது, கொட்டிவிடுகிறான். நிறைந்த ஏரியின் கரையிலேயே தாகத்தால் சாகிறான்.

அதே கதையை வைத்து நான் செய்த கார்ட்டூனில் கோட்டை வாசலில் முட்டை உருண்டு வரும். நாமக்கல் பக்கத்து ஆள் படம் பண்ணினால் வேறென்ன வரும்? ராஜா வாளை ஓங்குவான், முட்டை நழுவும். துரத்துவான், வழுக்கி விழுவான், மீசை ஒருபக்கம் கழன்று தொங்கும். கடைசியில் முட்டையை வெட்டி ஆம்லெட் போட்டுத் தின்று, விக்கல் எடுத்து, கோலி சோடாவைத் தானே உடைத்து மடமடவென்று குடித்து ஏப்பம் விடுவான். மொத்தம் எட்டு நிமிடம். கூத்தில் அந்தக் கோட்டை வாசல் திறப்பதற்கு மட்டும் நீ முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வாய். யார் வரப்போவது என்று ஊருக்கே தெரியும், தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கார்ட்டூனில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்ததும் சிரிப்பார்கள். இரண்டுக்கும் இவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் பெரிய மேதாவியாட்டம் அளந்துகொண்டு திரிந்தேன்.

கதையைக் கேலி செய்ததோடு விட்டிருக்கலாம். ராஜாவுக்கு உன் உடம்பையும் கொடுத்துவிட்டேன். அந்த இருமல், வாளை ஓங்குமுன் வேடத்தின் புஜக்கட்டை அணி ஆட இடது தோளை ஒருமுறை குலுக்குவது, கோபம் வந்தால் கீழுதட்டைக் கடிப்பது, எல்லாம் நீ. பதினெட்டு வருடம் உனக்கு மகளாக வேடம் கட்டியவன் நான். உன்னைத் தவிர வேறு ராஜாவை எனக்குத் தெரியாது. வரைய உட்கார்ந்தால் கை தானாக உன்னைத்தான் வரைந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போர்வெல் போடும் வண்டியில் வேலைக்குப் போய் நீ வடக்கே எங்கோ இருந்தாய், போன் செய்தால் எடுத்திருப்பாய். வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை.

வண்டியில் உன்னோடு இருந்தவர்கள் படத்தை உனக்குக் காட்டிவிட்டார்கள் என்று உன் வீட்டில் சொன்னார்கள். அதன் பிறகு உன் போன் வரவே இல்லை. சேலம் பஸ் ஸ்டாண்டில் நூறு பேருக்கு நடுவில் "ஏ மகளே, நில்லு!" என்று கத்தி என் மானத்தை வாங்குகிறவன், இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வருடா வருடம் நம் கூத்து நடக்கும் ஊர்த் திருவிழா, நோம்பி வந்தது. புதுச்சத்திரத்தில் பஸ் இறங்கி ஊருக்கு நடக்கும்போதே திரும்பிவிடலாமா என்றிருந்தது. போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்ற முட்டை லாரியின் மறைவில் நின்றுகொண்டேன். விடியப்போகிற நேரம். நீ வாக்குக் கொடுக்கும் இடம் வந்தது. இருமினாய்.

முன்வரிசையில் குழந்தைகள் கொல்லென்று சிரித்தன. "முட்டை வருது! முட்டை வருது!" பெரியவர்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள், தோள் குலுங்கியது. மத்தளக்காரர் அடியைத் தவறவிட்டார். எனக்குப் பிறகு மகள் வேடம் கட்டும் தறிக்காரர் குமரேசன், கஞ்சிக் கலயத்தோடு திரைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டார். நீ அசையவில்லை. சிரிப்பு அடங்கும்வரை கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு வசனத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாய், இருமாமல். தோளையும் குலுக்கவில்லை. நாற்பது வருடத்தில் அப்படி நீ ஆடி நான் பார்த்ததில்லை. லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எப்படியோ முடித்தாய். செத்து விழுந்தாய். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

நம் கூத்தில் ஒரு முறை உண்டு. ராஜா வேடம் கட்டுகிறவர் முதல் நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் தொடமாட்டார். தாகத்தில் செத்துக் கிடக்கும் அவருக்கு, வெட்டுப்பட்ட மகளே எழுந்து வந்து செம்பில் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவர் அதைக் குடித்தால்தான் மங்களம் பாடுவார்கள், சனம் எழுந்து போகும். குமரேசன் செம்போடு வந்தார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

"குடிங்ணா, விடிஞ்சு போச்சு."

"அவன் வரட்டும்."

யாரைச் சொல்கிறாய் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உன் மனைவி தேடி வந்தார். "ஏனுங்ணா, இங்க ஒளிஞ்சுக்கிட்டு நிக்கறீங்களா? அவரு குமரேசங்கிட்டத் தண்ணி வாங்க மாட்டேங்கறாருங்க. சக்கர ஒடம்புங்க, நாக்கு ஒட்டிப்போச்சு. வாங்க சாமி." அவர் குரலில் கோபமும் கெஞ்சலும் சேர்ந்து இருந்தன.

நடந்தேன். ஊரே வழிவிட்டுப் பார்த்தது. செம்பை வாங்கி என் மூஞ்சியில் ஊற்றுவாய் என்றுதான் நினைத்தேன். ஊற்றியிருந்தாலும் நியாயம்தான். குமரேசனிடமிருந்து செம்பை வாங்கி, மண்டி போட்டு நீட்டினேன். அரிதாரம் வழிந்து, உதடு வெடித்து, என்னையே பார்த்தாய். மெதுவாகக் கேட்டாய்.

"உன்ற படத்துல அந்தப் புள்ள எங்கடா?"

"எந்தப் புள்ள?"

"தண்ணி குடுக்கற புள்ள. அவனே சோடா ஒடைச்சுக் குடிக்கறான். முட்டை எந்திரிச்சு வந்து குடுக்குமாடா? சிரிக்கட்டும், நானுந்தான் சிரிச்சேன். ஆனா அந்தப் பாவிக்குன்னு ஒரு ஆளு வேணுமில்ல?"

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் செம்பை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாய். புரையேறி இருமினாய். குழந்தைகள் மறுபடியும் சிரித்தன, இந்த முறை நீயும் சேர்ந்து சிரித்தாய். மங்களம் பாடினார்கள்.

அன்றுதான் இரண்டையும் நான் சரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். மகளை எடுத்துவிட்டு முட்டையை வைத்தால் சிரிப்பு வருகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. மகளை எடுத்தால் ராஜாவை மன்னிக்க ஆளில்லாமல் போகிறது என்பது நீ சொல்லித்தான் உறைத்தது. அந்த மகள் பதினெட்டு வருடம் நான்தான் என்பதுகூட வரையும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை பார்.

மறு வருடம் நோம்பிக்கு நீ ஆடவில்லை. கிட்னி கெட்டுவிட்டது என்று சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்தார்கள். கடைசி நாள் மத்தியானம் உன் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அறையில் நீயும் நானும் மட்டும். "தண்ணி குடு" என்றாய். அன்றைய அளவு காலையிலேயே தீர்ந்திருந்தது. பாட்டில் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. "டாக்டரு சத்தம் போடுவாருடா, சாயங்காலம் ஆகட்டும்" என்றேன். இன்னொரு முறை கேட்டாய். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நீ கேட்கவில்லை.

சாயங்காலத்துக்கு முன்பே போய்விட்டாய். பத்து நாள் கழித்து அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். ஒரு வாய் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆயிருக்காதுங்க, கொடுத்திருக்கலாம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

படத்துக்காக ஊரறிய என்னை மன்னித்துவிட்டுப் போனாய். அந்த ஒரு வாய்த் தண்ணீருக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு இனி யாரும் இல்லை.