வாசலைப் பார்த்தே தேய்ந்த டிஸ்க்

ஏங்க,

சாப்பாடு மேசை மேல மூடி வெச்சிருக்கேன். சூடு பண்ணிக்கோங்க.

காலையில கம்ப்யூட்டர் பாதியிலயே நின்னுபோச்சு. ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். உள்ள எல்லாத்தையும் பதிஞ்சு வெக்கிற எஸ்எஸ்டி டிஸ்குக்கு ஆயுசு மூணு சதவீதம்தான் பாக்கியாம்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலையே. பத்து வருஷம் உழைக்கும்னு சொன்னது நீங்கதானே?

"வீட்டு கம்ப்யூட்டர்ல ராப்பகலா அப்படி என்னம்மா பதியறீங்க? ஒரே தாள்ல எழுதி அழிச்சு, எழுதி அழிச்சு ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு"ன்னு கடைக்காரர் அதுல பதிஞ்சிருந்த வீடியோவைத் திறந்து காட்டினார்.

நம்ம வாசல் கதவு. வெறும் கதவு, மணிக்கணக்கா!

யாராவது மணி அடிச்சாத்தான் வாசல்ல மாட்டின கேமரா படம் பிடிக்கும்னு சொன்னீங்களே. அதை விடாம ஓடற மாதிரி மாத்தி வெச்ச தேதியைப் பாத்தேன். நம்ம சின்னப் பொண்ணு உங்ககூட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போன மறுநாள்!

அவ பேச்சையே எடுக்காதேன்னு கத்தின மனுஷனா இது? உங்க மனசு கல்லுன்னு நினைச்சு, ஒன்றரை வருஷமா முகம் குடுத்துப் பேசாம இருந்துட்டேனே.

டியூட்டிக்கு நேரமாச்சு. சாவி செருப்பு ஸ்டாண்டு மேல இருக்கு.

பி.கு. அவளுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆறு மணிக்கு வர்றா. கம்ப்யூட்டர் கடையிலதான் இருக்கு, அதுல பாத்துக்கிட்டு உட்கார முடியாது. மணி அடிச்சா நீங்களே எழுந்து போய்க் கதவைத் திறங்க.