நான் போடாத கேள்விக்குறி

மார்ச் 3
கண் மருத்துவமனையிலிருந்து கடிதம். நோயாளிகளுக்குத் தரும் தாளை அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்க ஒரு 'பாமர வாசகர்' வேண்டுமாம். பாமரரா? பத்து வருடமாக மருத்துவப் பக்கங்களைக் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறேன். தையல்காரி என்றால் அவ்வளவுதானா? போகிறேன். போய்க் காட்டுகிறேன்.

மார்ச் 6
ஆளுக்கு வெவ்வேறு தாள். "புரியாத இடத்துல கேள்விக்குறி போடுங்க, அது போதும்" என்றார் டாக்டரம்மா. பக்கத்தில் இருந்த ஓட்டுநர் தன் தாள் முழுக்கக் குறி போட்டுத் தள்ளினார். பாவம் என்று நினைத்துக்கொண்டேன். 'சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைக்கவும்' — இந்த வரியில் மட்டும் என் பேனா கொஞ்சம் நின்றது. எனக்குத்தான் தெரியுமே, வாரத்துக்கு ஒரு வேளை குறைக்க வேண்டும். ஒரு குறிகூடப் போடாமல் கொடுத்தேன்.

ஏப்ரல் 9
அக்காவுக்குப் புரை எடுத்தாயிற்று. கையில் என் தாள்! "இது நான் பாத்துக் குடுத்ததுக்கா" என்று பீற்றிக்கொண்டேன்.

ஏப்ரல் 17
அக்காவின் கண் செக்கச்செவேல் என்று இருக்கிறது. ஒரே வலி. மருந்தை என்றைக்கோ நிறுத்திவிட்டாள்!
"படிப்படியான்னுதானே போட்டிருக்கு? நாலு வேளை, மூணு, ரெண்டு, ஒண்ணு — தினம் ஒண்ணாக் குறைச்சேன். நீ பாத்த தாளாச்சேடி, தப்பா இருக்குமா?"
ஐயோ.

ஏப்ரல் 18
"ரெண்டு வாரம் போனாத்தான் பார்வையைப் பத்திச் சொல்ல முடியும்" என்கிறார் டாக்டரம்மா. மறுபடியும் சொட்டு மருந்து.
கடையில் கை ஓடவில்லை. தையலே தெரியாதவர் துணியைக் கொடுத்து, தெரியாததைக் கேட்டுவிட்டுப் போவார். அவரால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. கொஞ்சம் தெரிந்தவர்தான் வீட்டிலேயே வெட்டிக் கெடுத்துக்கொண்டு வருவார். அரைகுறை என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! அங்கே கேட்டது பாமரரை. போய் உட்கார்ந்தது அரைகுறை. அந்த ஓட்டுநர் இந்தத் தாளைப் படித்திருந்தால் அக்கா கண் தப்பியிருக்குமே — இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஏப்ரல் 19
டாக்டரம்மாவிடமே சொல்லிவிட்டேன். அக்காவிடமும். டாக்டரம்மா அந்த வரியை அங்கேயே அடித்தார். அக்கா சொட்டு மருந்தை என் கையிலிருந்து வாங்கித் தானே விட்டுக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 25
சிவப்பு குறைந்திருக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? இனி நானாக எதையும் சொல்வதாக இல்லை.

மே 3
அக்கா கடைக்கு வந்தாள். நல்ல கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் ஊசியை வாங்கி முதல் தடவையிலேயே நூல் கோத்தாள். "இப்பவாவது பேசுடி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மே 10
மருத்துவமனையில் புதுத் தாள். பதினேழு கேள்விக்குறி போட்டேன். கடைசி வரி, 'உணவுக்குப் பின்'. தெரியும். இருந்தாலும் பக்கத்தில் எழுதினேன்: எவ்வளவு நேரம் கழித்து?